பிடுங்கியிருக்க வேண்டாத பல்

எஃகுத் தட்டில் கிடந்த அந்தக் கடைவாய்ப் பல்லை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மூலைதான் உடைந்திருந்தது. வேர்கள் இரண்டும் உறுதியாக இருந்தன. பிடுங்கியவள் நான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பெரிய டாக்டர் சொன்னார், செய்தேன்.

பல்லுக்குரியவர் நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் அக்கா. வலப்பக்கப் பல் போனதால் இடப்பக்கமே மென்றுகொண்டிருந்தவர், மறு வருஷமே அந்தப் பக்கப் பல்லும் உடைந்து வந்தார். இந்த முறை நான் எக்ஸ்ரேயை நன்றாகப் பார்த்தேன். உடைந்த இடத்துக்கு மட்டும் அளவெடுத்து, பல்லின் நிறத்திலேயே ஒரு துண்டு செய்து ஒட்டினால் போதும். ஆன்லே என்போம். பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "கோழிப் பண்ணைக்குப் போறவங்களுக்கு அழகுப் பல் எதுக்கும்மா? எடுத்து விட்டுடு."

நாற்காலியில் சாய்ந்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தார். "ஏனுங்க டாக்டர், சோறு திங்கறது நானுங்க. பல்லு வேணுமா வேண்டாமான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" பிறகு என்னிடம், "போன வாட்டி எடுத்தீங்களே அம்மிணி, அதையும் இப்படி ஒட்டியிருக்கலாமா?" என்றார்.

"ஒட்டியிருக்கலாங்க்கா."

திட்டியிருந்தால் தேவலை. மறுபடி சாய்ந்து வாயைத் திறந்தார். பெரிய டாக்டர் முகம் சிவக்கப் போய்விட்டார். நான் உடைந்த இடத்திலிருந்த சொத்தையை மட்டும் சுரண்டி, அளவெடுத்து லேபுக்கு அனுப்பி, பத்து நாளில் ஒட்டினேன். எது பல், எது ஒட்டு என்று எனக்கே தெரியவில்லை. பதிவுக்காகப் படமெடுத்து அக்காவுக்கும் காட்டினேன்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர் வரவேற்பறையிலேயே நின்றுவிட்டார். அந்தப் படம் பெரிதாகச் சுவரில் தொங்கியது, பெரிய டாக்டர் பெயரோடு. முந்தின நாள் மாட்டியிருந்தார்கள். பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை.

"இது என்ர வாயுங்களே! யாரைக் கேட்டு மாட்டுனீங்க?"

பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அக்கா வலக்கன்னத்தை விரலால் இழுத்து, காத்திருந்தவர்களுக்கு முன்னால் அந்தப் பொக்கையைக் காட்டினார். "இந்தப் பக்கத்தையும் படம் புடிச்சு மாட்டுங்க."

"அந்தப் பல்லைக் காப்பாத்தவே முடியலம்மா" என்றார் பெரிய டாக்டர், கொஞ்சமும் கூசாமல்.

"முடிஞ்சிருக்கும் சார். அது நல்ல பல். தேவையில்லாமப் பிடுங்கினது நான்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அன்றோடு என் வேலை போனது. ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அக்கா எனக்கு முன்னால் படியிறங்கினார். யாரும் தடுக்கவில்லை.