படியேறினால் வலிக்கும் பல்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், ஐம்பது வயதில் உழவர்கரைப் பக்கம் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தேன். கேனோடு மூன்றாவது மாடி ஏறும்போது இடப்பக்கக் கீழ்த்தாடை வலிக்கும். இறக்கி வைத்து இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். பல் வலி என்று முடிவு செய்தேன். வாய்க்குள் வலித்தால் வேறு என்னவாக இருக்கும்?

என் அறையில் கூட இருந்தவர் விழுப்புரத்துப் பக்கத்துப் பெயின்டர். அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. குணமானவர்களைத்தான் நான் பார்த்ததில்லை. கிராம்பு கொடுத்தார். அதைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் படியேறினேன். பிறகு நெல்லித்தோப்பில் மலிவாகப் பல் பிடுங்கும் ஒருவரிடம் அழைத்துப் போனார். கடைக்குப் போர்டு இல்லை. எந்தப் பல் என்று கேட்டார். தோராயமாகக் காட்டினேன். பிடுங்கியதில் ஒரு பொட்டுச் சொத்தை இல்லை. "வேருல இருந்திருக்கும்," என்றார் பிடுங்கியவர்.

நான்காம் நாள் அதே மாடி, அதே வலி, இல்லாத பல்லில்.

இந்த முறை படித்த பல் டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயது.

"எப்பண்ணே வலிக்குது?"

"மூணாவது மாடி ஏறும்போதும்மா."

"சோறு மெல்லும்போது?"

"அப்ப ஒண்ணும் இல்ல."

கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் போட்டார். "படியேறுனா வலிக்கிற பல்லு உலகத்துலயே கெடையாதுண்ணே. இதயத்துக்குப் போற ரத்தக்கொழாய்ல அடைப்பா இருக்கலாம். வலி தாடைலயும் வரும், கைலயும் வரும். இன்னிக்கே இதய டாக்டரப் பாருங்க. சும்மா உக்காந்திருக்கும்போது வந்துச்சுன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

பெயின்டரிடம் சொன்னேன். சிரித்தார். "யோவ், ஹார்ட்டு வர்றதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்யா. காரு, தொப்ப, ஆபீஸ் டென்ஷன். உன்கிட்ட என்னா இருக்கு?"

நியாயமாகப் பட்டது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். படியும் இல்லை, கேனும் இல்லை. வலி வந்தது. வந்தது போகவில்லை. சட்டை நனைய வியர்த்தது. பெயின்டர் கிராம்பு டப்பாவைத் தேடினார்.

"ஆட்டோவக் கூப்டுய்யா," என்றேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் அம்மா என்னவென்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெயின்டர், "பல்லு வலிங்க," என்றார்.

"பல்லுக்கு நாளைக்கு வாங்க."

பெயின்டர் என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். எனக்கும் திரும்பத்தான் தோன்றியது. தகுதியில்லாத நோயைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆனால் நிற்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பல்லு இல்லம்மா. படியேறுனா தாடை வலிக்கும். இன்னிக்கு உக்காந்திருக்கும்போதே வலிக்குது."

அடுத்த நொடி தள்ளுவண்டியில் கிடந்தேன். ஈசிஜி எடுத்தார்கள். ஒரு மாத்திரையைக் கடித்து மெல்லச் சொன்னார்கள். பல் மிச்சமிருந்த பக்கமாக மென்றேன். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அடைத்த இடத்தில் சின்ன பலூனை ஊதி விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். விழித்துக்கொண்டே கிடந்தேன். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை; உடம்பு நன்றாக இருக்கிறது என்று நானாக நிறுத்தக் கூடாது; கொஞ்ச நாள் பாரம் தூக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான் வீடு திரும்புவதற்குள் பெயின்டர் தெரு முழுக்க விளக்கம் சொல்லி முடித்திருந்தார்: பல் பிடுங்கியதில் நரம்பு இழுத்துத்தான் ஹார்ட் வந்ததாம். அதன்பின் எங்கள் தெருவில் ஒருவரும் பல் டாக்டரிடம் போவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"படியேறுனா வலிக்குதாக்கா?"

"இல்லப்பா. ஜில்லுன்னு குடிச்சா உசுரு போவுது."

"அப்ப பல்லுதான். தைரியமா போங்க."

"நீ பேசுவ. பல்லு புடுங்கப் போயிதான உனக்கு நெஞ்சக் கிழிச்சாங்க?"

சட்டையைத் திறந்து காட்டினேன். ஒரு கீறல் இல்லை. அக்கா கிட்ட வந்து உற்றுப் பார்த்தார்.

"நல்லா மறைச்சுத் தைச்சிருக்கான்," என்றார்.