எழுத்து நேராகத் தெரிந்த கமரா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாவற்குடாவில் அப்பா வாடகைக்கு ஓட்டும் பழைய காருக்கு றிவேர்ஸ் கமராவை நானே பூட்டினேன். திரையில் மதில் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தன. பிழை என்று நினைத்து, கமராவின் சின்ன வயரொன்றை வெட்டினேன். எழுத்துகள் நேராகின.

அப்பா எட்டிப் பார்த்தார். "மகள், கிணறு சோத்துக்கைப் பக்கமல்லோ கிடக்கு? இதுக்குள்ள மறுபக்கம் தெரியுதே."

"வாசிக்கத் தெரிஞ்சாத்தான் இது விளங்கும், அப்பா. பின்னால போய் நில்லுங்க, ஓட்டிக் காட்டுறன்."

அவர் சிரித்துக்கொண்டே போய் மதிலோரம் நின்றார். திரையில் இடப்பக்கம் தெரிந்தார். அவரை விட்டு விலக, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பின்னால் எடுத்தேன். உண்மையில் அவர் அந்த வலப்பக்கம்தான் நின்றார். கண்ணாடிபோல மாற்றிக் காட்ட வேண்டிய கமராவை நான்தான் கெடுத்திருந்தேன்.

எலும்பு முறிந்த சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது. காருக்கும் மதிலுக்கும் நடுவில் அவருடைய கால் நசுங்கியிருந்தது. மதில் சுண்ணாம்பெல்லாம் இரத்தம்.

அப்பாவின் தம்பி ஓடிவந்து என்னை முடியில் பிடித்து வெளியே இழுத்தார். "படிச்ச திமிரு! அப்பனையே கொல்லப் பாத்தியேடி!" அவர் அறைந்த அறையில் என் உதடு கிழிந்தது. மறுபடியும் கை ஓங்கினார்.

"அடிக்காத தம்பி!" கீழே கிடந்தபடி அப்பா கத்தினார். "புள்ளைக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது என்று அவர் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை. அடியைவிட அதுதான் வலித்தது.

அப்பா இப்போது காலைத் தாங்கித்தான் நடக்கிறார். என் வேலையில் யாராவது பிழை சொன்னால் எனக்கு இன்றும் கோபம்தான் முதலில் வருகிறது. அதை விழுங்கிக்கொண்டு, "எங்க, காட்டுங்க" என்கிறேன்.