பெட்ராவை மறைத்த மாமா

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் தெரு மாமி வந்து அமர்ந்தார். போன வாரம்தான் கணவரோடு ஜோர்டான் டூர் போய்வந்தவர்.

உடனே போனை எடுத்தார்.

"பெட்ரா பாருடி! பாலைவனத்துல மலையைக் குடைஞ்சே ஒரு ஊர் பண்ணியிருக்கான்!"

அந்த ஊரைப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. எட்டிப் பார்த்தேன்.

படத்தில் மாமா. அடுத்த படத்திலும் மாமா. தொப்பியோடு, தொப்பியில்லாமல், தயிர்சாதத்தோடு.

"ஊர் எங்க மாமி?"

"இவருக்குப் பின்னாடி இருக்கு பாரு. ஊர் எங்கயும் ஓடிப்போகாது. இவர் அங்க போனார்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஒரு பக்கம் ஜன்னல் கம்பி, மறுபக்கம் மாமி, என் மடியில் மாமியின் காய்கறிப் பை. குதித்துத் தப்பலாமென்றால் கீழே காவிரி.

"இரு, இன்னும் ஒட்டகம் வரலை."

ஒட்டகம் வந்தது. அதன் மேலும் மாமா.

ஒருவழியாக ராஜகோபுரத்தருகே இறங்கினோம்.

"நில்லுடி, கோபுரத்தோட உன்னை ஒண்ணு எடுக்கறேன்."

அந்தப் படம் இப்போதுதான் வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே போட்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் ராஜகோபுரம் இருக்கிறதாம். யார் கண்ணுக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.