வெல்லத்தின் புதுத் தோல்

திருப்பதி கால்நடை மருத்துவமனையின் தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமைக் கன்றும் இரண்டு ஆடுகளும் காத்திருந்தன. எங்கள் நாய் வெல்லம் துணிக்கட்டின் மேல் படுத்திருந்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை தறித் துணியைச் சுற்றியிருந்தோம். கிளம்பும்போது அது வெள்ளைத் துணி.

கன்றைக் கொண்டுவந்தவர் வெதுருகுப்பம் பக்கத்து விவசாயி. எங்களுக்கு வெகு நேரம் முன்பே வந்து சீட்டு வாங்கியவர். வெல்லத்தை ஒரு தடவை பார்த்தார், தன் சீட்டை என் கையில் வைத்தார். "முந்து மீரு வெள்ளண்டம்மா," என்றார். முதலில் நீங்கள் போங்கள் என்று அர்த்தம். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் நகரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். வெல்லம் கிரேஹவுண்ட் இனம். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், வெளிநாடு போன ஒருவரிடமிருந்து வாங்கி வளர்த்தாள். பிறகு மகள் மாறிப்போன விடுதியில் நாய்க்கு அனுமதி இல்லை, எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். சித்தூர் வெல்லத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் 'பெல்லம்' என்பார்கள், அதற்கும் காதைத் தூக்குவாள். 'அது' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. 'அவள்' என்றே எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலரிடம் இதே மாதிரி ஒல்லி நாய் இருக்கும். கிரேஹவுண்டோ, சிப்பிப்பாறையோ, கன்னியோ. நடைக்குக் கூட்டிப் போகும்போது தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போவீர்கள். என்ன செய்யக் கூடாதோ அதை நான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்ததிலிருந்து அவளுக்கு நான் நடத்தியது ஒரே பாடம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வர வேண்டும். இந்த இன நாய் ஓட ஆரம்பித்தால் காது அடைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். மொட்டை மாடியில் வைத்து, அவித்த கோழித் துண்டு கொடுத்து, ஆறு மாதம் பழக்கினேன். என் வகுப்பில் பாதிப் பேர் கூப்பிட்டால் வருவதில்லை, இவள் வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தேன்.

அன்று காலை ஆறு மணி. தறிக்கொட்டகைகளுக்குப் பின்னால் நெடுஞ்சாலை வரை போகும் மண்பாதை. வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஆறு நாய்கள் வந்தன. அங்கே ஒன்று குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. முன்னால் நாலு குரைத்தன, பின்னால் இரண்டு சத்தமில்லாமல் வந்தன.

கழுத்துப் பட்டையின் கயிற்றைக் கையிலிருந்து விட்டேன். இவளுக்கு இருக்கும் வேகத்துக்கு எந்தத் தெருநாயும் பக்கத்தில் வர முடியாது, ஓடித் தப்பித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். நாலே தாவலில் அவள் கூட்டத்தைத் தாண்டிவிட்டாள். நாய்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

ஆனால் அவள் ஓடிய திசையில் நெடுஞ்சாலை இருந்தது. லாரிகளின் சத்தம் கேட்டது. "வெல்லம், வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் நின்றாள். திரும்பினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு நாய்கள் இருந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே அவற்றின் நடுவில் ஓடி வந்தாள்.

அடுத்த ஒரு நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை.

பிளாஸ்டிக் குடங்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிற முனிரத்தினம் அந்தப் பக்கம் வந்தார். ஹாரனை அழுத்தியபடி வண்டியை நேரே கூட்டத்துக்குள் விட்டார். குடங்கள் நாலா பக்கமும் உருண்டு உடைந்தன, நாய்கள் சிதறின. நான் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

"யக்கா, கத்திக்கினு நிக்காத. இந்தா துண்டு. வச்சி இறுக்கி அமுக்கு. ரத்தம் போய்க்கினே கீது பாரு."

அமுக்கினேன். அவர் என் கணவரைக் கூட்டிவர ஓடினார். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் ரத்தத்தை நிறுத்தி, ஊசி போட்டு, உடனே திருப்பதிக்குப் போகச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருவர் புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடலாமே என்றார். எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன அடிபட்டாலும் வாய் தானாக 'புத்தூர் கட்டு' என்றுதான் சொல்லும். எலும்பு உடையவில்லையே என்று சொல்லிவிட்டு, துணி ஏற்றும் எங்கள் ஆட்டோவில் கிளம்பினோம்.

திருப்பதியில் பார்த்த டாக்டரம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, எங்களுக்காகத் தமிழில் பேசினார். துணியைப் பிரித்து, விலாவில் இருந்த ஒரு பல் ஓட்டையில் கையுறை போட்ட விரலை விட்டார். விரல் முழுதாக உள்ளே போனது.

"வெளிய அஞ்சு ஓட்டைதாம்மா. ஆனா கடிச்சு உதறியிருக்கு. இந்த ஜாதிக்குத் தோல் ரொம்ப மெல்லிசு, கீழ கொழுப்பும் கிடையாது. உள்ள சதைய விட்டுத் தோல் பிரிஞ்சு போச்சு. தலையணை உறை மாதிரி நிக்குது."

"பொழச்சிடுமா?" என்று கேட்டார் கணவர்.

"அஞ்சு நாள் போகட்டும். அப்புறம் சொல்றேன்."

எப்படி நடந்தது என்று கேட்டார். "கயிறு அறுந்துபோச்சு," என்றேன். அந்த நேரத்தில் அப்படித்தான் வாயில் வந்தது. மாலையில் மகளிடமும் போனில் அதையே சொன்னேன். ஒருமுறை சொன்ன பொய் பிறகு சொல்லச் சொல்லச் சுலபமாகிவிடுகிறது.

டாக்டரம்மா என் மணிக்கட்டில் பல் பட்டிருந்ததைப் பார்த்தார். வெறும் கீறல்தான் என்று முந்தானையை இழுத்து மூடினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரேபிஸ்ல (வெறிநாய்க்கடி நோய்) வெறும் கீறல்னு ஒண்ணு கிடையாது. வந்துட்டா மருந்து இல்ல. அதோ குழாய், சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க. அப்புறம் மனுஷங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, இன்னிக்கே." போனேன். அட்டையில் எழுதிக் கொடுத்த எல்லா நாட்களிலும் ஊசி போட்டுக்கொண்டேன். வெல்லத்துக்கு ஏற்கெனவே தடுப்பூசி இருந்தும் மறுபடி போட்டார்கள். நாயைப் பார்க்கிற பதற்றத்தில் உங்கள் கையைப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.

மயக்கம் கொடுத்துத்தான் காயத்தைச் சுத்தம் செய்ய முடியும். உடம்பில் கொழுப்பு இல்லாத இந்த நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் லேசில் தெளியாதாம். டாக்டரம்மாவே அதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார். இன்ன இனம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே நினைவூட்டுவதில் தவறில்லை. அவள் வெளியே வந்தபோது விலாவில் இரண்டு டிரெயின்கள் (உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கான மெல்லிய ரப்பர் குழாய்கள்) தொங்கின.

ஐந்தாம் நாள் விலாத் தோலில் என் உள்ளங்கை அளவு கறுத்துவிட்டது. நெக்ரோசிஸ் (ரத்த ஓட்டம் இல்லாமல் தோல் செத்துப்போவது) என்றார் டாக்டரம்மா. அதை வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்த சதையை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால், "கெட்டது போயிடுச்சு. சுரமும் இல்ல. இனிமே உயிருக்கு பயப்பட வேணாம். தோலை அவளே வளர்த்துப்பா," என்றார் அவர். அந்தத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஆட்டுக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு எட்டு வாரம் கட்டுகள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பதிக்கு, பிறகு வீட்டிலேயே. காயத்தில் தேன் வைத்துக் கட்டச் சொன்னார்கள். மருத்துவத்துக்கென்று சுத்தப்படுத்திய தேன், கடையில் வாங்கும் தேன் அல்ல. கட்டை நக்காமலிருக்கக் கணவரின் பனியனை மாட்டிவிட்டோம். அவருடைய தொப்பைக்கும் அவளுடைய இடுப்புக்கும் ஒரே அளவா என்று கேட்காதீர்கள், பின்பக்கம் நாலு முடிச்சுப் போட வேண்டியிருந்தது. சத்தத்துக்கு அவள் நடுங்கியதால் வீட்டையொட்டிய தறியை அவர் ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். முனிரத்தினம் வாரம் ஒருமுறை வாசலில் மொபெட்டை நிறுத்தி, "பெல்லம் எப்படி கீது யக்கா? துன்னுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உடைந்த குடங்களைப் பற்றி அவர் பேசவும் இல்லை, என்னைப் பேச விடவும் இல்லை.

மூன்றாவது வாரம் காயத்தின் அடியில் சிவப்பாக, மணி மணியாக ஏதோ தெரிந்தது. பயந்துபோய்ப் படம் எடுத்து அனுப்பினேன். கிரானுலேஷன் (காயத்தை நிரப்பிக்கொண்டு வளரும் புதுச் சதை), நல்ல செய்தி என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் அளவுகோல் வைத்து அளந்தேன். வருடத்தைப் பரீட்சைகளால் எண்ணிப் பழகியவள் நான். அந்த இரண்டு மாதத்தைக் கட்டுகளால் எண்ணினேன்.

தோல் வளர்ந்தது. இன்னொன்று வளரவில்லை. நான் பெயரைச் சொன்னால் வெல்லம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவர் கூப்பிட்டால் போனாள், எதிர்வீட்டுக்காரர் 'பெல்லம்' என்றால் வாலாட்டினாள். என் குரலுக்கு மட்டும் காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ளும், உடம்பு நடுங்கும். சில நாள் பார்த்துவிட்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்தினேன். தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவேன். காயத்தை விட எனக்கு இது வலித்தது.

கடைசிக் கட்டைப் பிரித்த நாள், டாக்டரம்மா புதுத் தோலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. கயிறு அறுந்துபோகவில்லை, நான்தான் விட்டேன் என்றேன். ஓடட்டும் என்று விட்டேனா, பயத்தில் கை தானாகத் திறந்ததா என்று எனக்கே தெரியவில்லை என்றேன். தப்பித்துப் போனவளை நானே கூப்பிட்டு அந்த நாய்களுக்குக் கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "ரோட்டுல லாரி அடிச்சிருந்தா என்கிட்ட தைக்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காதும்மா. கூப்பிட்டது தப்பில்ல. விட்டது தப்பு. அடுத்த தடவ விடாதீங்க."

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: "எனக்கு அன்னிக்கே தெரியும் சரோ. ரத்தத்த கழுவி அந்தக் கயித்த ஆணில மாட்டனவன் நான்தானே. முழுசா இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப் போவுது? நீயே துன்னாம கெடந்த."

இந்த மனுஷனோடு இருபத்தேழு வருடம் குடித்தனம் செய்துவிட்டு, அன்றுதான் சரியாகப் பார்த்த மாதிரி இருந்தது. மகளிடமும் அன்றே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உன் கை சரியாயிடுச்சாம்மா?" என்றாள்.

இப்போது எப்படிப் போகிறோம் என்று சொல்கிறேன். பொத்தானை அழுத்தினால் விரியும் குடை இல்லாமல் இறங்குவதில்லை. நாய்கள் வந்தால் ஓடுவதில்லை, முகத்துக்கு நேரே குடையை விரித்தால் பெரும்பாலும் திகைத்து நின்றுவிடுகின்றன. வெல்லத்தைச் சுவர்ப் பக்கம் நிறுத்தி நான் வெளிப்பக்கம் நிற்கிறேன். கழுத்துப் பட்டைக்குப் பதில், முதுகில் பிடி வைத்த மார்புப் பட்டை. குட்டி போட்ட நாய் எந்தச் சந்தில் இருக்கிறது என்று பால்காரரைக் கேட்டுவிட்டு வழியை மாற்றிக்கொள்கிறேன். குட்டியைக் காக்கிற தாயிடம் எனக்குக் கோபம் இல்லை, தூரம் மட்டும் போதும். நாய்க்குக் கடிபட்டால், சின்ன ஓட்டைதானே என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பதை மருத்துவரின் விரல்தான் சொல்லும்.

என் உடம்பும் பழைய உடம்பு இல்லை. முதுகுக்குப் பின்னால் சருகு நகர்ந்தாலும் தெரிகிறது. இடது கை, வகுப்பில் வலது கையால் சாக்பீஸ் பிடித்து எழுதும்போதுகூட, எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரியே மூடிக்கொள்கிறது.

போன மாதம் தலைமையாசிரியர், பள்ளி விட்ட பிறகு மைதானத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். நாலு பக்கமும் மதில், ஒரே கேட். கேட்டைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கழற்றினேன். வெல்லம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓடினாள். விலாவில் மயிர் முளைக்காத அந்த இடம், மதிலோரமாக அவள் திரும்பும்போதெல்லாம் வெயிலில் பளபளத்தது.

முன்பெல்லாம் இரண்டு சுற்று முடிந்ததும் கூப்பிட்டுவிடுவேன். அன்று வாயைத் திறக்கவில்லை. மைதானத்தின் நடுவில் நின்றேன். ஐந்து சுற்று, ஆறு சுற்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வேகம் குறைந்து, நடையாகி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தானாக என்னிடம் வந்தாள். புதுத் தோல் இருந்த பக்கத்தை என் தொடையில் சாய்த்து, முழுப் பாரத்தையும் போட்டு நின்றாள்.

வீட்டில் உலை வைக்க நேரமாகிவிட்டது. கால் மரத்துப்போனது. அவளாக நகரும்வரை நான் நகரவில்லை.