லண்டனில் எனக்கு ஒதுக்கிய நான்கு நாட்கள்

எனக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது, ஐம்பதுகளின் நடுவில், லண்டனைச் சுற்றிப் பார்க்க ஒரு திட்டம் போட்டோம். போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி. இன்னொருத்தி அவருடைய மகளுக்கு ஆயாவாக இருந்த நான். இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்ல உட்காரும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வருத்தம் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். ஆனால் வந்தது ஆத்திரம், அதைத்தான் எழுத முடியும்.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே, உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் தோட்டம். அப்பா கவ்வாத்துக்காரர். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிற வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். அம்மா பிறந்த லயத்தில்தான், ஆட்களுக்கான அந்த வரிசை வீடுகளில்தான், நானும் பிறந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்து, கொஞ்ச காலம் கூடை தூக்கி, பதினேழு வயதில் பங்களாவுக்கு ஆயாவாகப் போனேன். கைக்குழந்தையாக என்னிடம் வந்த துரை மகளுக்கு அப்போது நான்கு வயது. தாயிடம் இங்கிலீஷிலும் என்னிடம் லயத்துத் தமிழிலும் பேசுவாள். அவளுடைய படப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி நானும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன்.

அந்த வருஷம் துரை குடும்பம் ஆறு மாத லீவில் சீமைக்குப் புறப்படுவதாக இருந்தது. கப்பலில் மூன்று வாரம் பிள்ளையைத் தனியாகச் சமாளிக்கத் துரைசாணிக்கு விருப்பமில்லை. ஒரு நாள் காலை என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"ஆயா, நீயும் கப்பல்ல வா. பேபியைப் பாத்துக்கோ. லண்டன் போனதும் உனக்கு நாலு நாள் லீவு. எல்லாம் பாரு. அப்புறம் வேற கப்பல் புடிச்சு உன்னைத் திருப்பி அனுப்புறேன்."

 நுவரெலியா டவுனைத் தாண்டி நான் போன ஊர் எதுவும் கிடையாது.

அன்றைக்கே மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். பழுப்பேறிய தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. நடுவில் நீலமாக ஆறு வளைந்து போனது. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே சொன்னார். முதல் நாள் ராணியின் அரண்மனை. ரோமத் தொப்பி போட்ட சிப்பாய்கள் முறை மாறுவதை நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஆற்றில் படகு, பிறகு கிரீடங்களை வைத்துக் காவல் காக்கிற பழைய கோட்டை. மூன்றாம் நாள் மிருகக்காட்சிச் சாலை. அதற்குப் பேபியும் கூட வருவாள். எனக்குக் கொடுத்த லீவில் ஒரு நாள் இப்படிப் பிள்ளை மேய்க்கப் போய்விட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்காம் நாள் கடைத்தெரு.

"உனக்கு வேற என்ன பாக்கணும்? சொல்லு," என்றார்.

எனக்கு ஒன்று இருந்தது. "நாங்க எடுக்கிற கொழுந்து பெட்டியில ஏறி அங்கதாங்க போகுதாம். அத ஏலம் போடுற தெருவ பாக்கணும்ங்க. அப்புறம் ஒரு டீக்கடையில நான் மேசையில உக்காந்துக்கிட்டு டீ கேக்கணும்ங்க. அங்க உள்ளவங்க கொண்டாந்து வெக்கணும்."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தேயிலையா? இங்கே பாக்குறது போதலையா உனக்கு?" அன்று மாலை விருந்தாளிகள் வந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போதே அதை அவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு சிரிப்புக்காகத்தான். மறுநாள் நான்காம் நாளின் மத்தியானத்தில் 'டீக்கடை' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்.

அதையெல்லாம் ஒரு அப்பியாசக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன். நாள் வாரியாக, எந்த பஸ், எங்கே இறங்குவது என்று எல்லாம். லயத்துப் பெண்கள் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். துரைசாணியின் பழைய கோட்டு ஒன்றை அம்மா பிரித்து எனக்கு அளவாகத் தைத்தாள். இரண்டு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு பாஸ்போர்ட் என்ற பேச்சு வந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் மனுப் போடுங்கள் என்று அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது. அப்பா குடும்பத்துக்காக மனுப் போட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரி என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் தோட்டத்துச் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செக்ரோல் என்பது வேலையாட்களின் பெயர்ப் பதிவு. பத்திரத்தில் என் முழுப் பெயர் இருந்தது. செக்ரோலில் ஆபீஸ் கிளாக்கர் அதைப் பாதியாக வெட்டி, மிச்சத்தையும் தன் இஷ்டத்துக்கு எழுதியிருந்தார். எங்கள் பெயரை முழுதாக எழுத அவருக்கு அலுப்பு.

"இது ஒரு பிள்ளையா, ரெண்டு பிள்ளையா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுதாங்க. இந்தா நிக்குது பாருங்க," என்றார் அப்பா.

மனு தள்ளப்பட்டது. பொய்த் தகவல் கொடுத்ததாகக் காரணம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதமும் தோட்டத்து ஆபீசிலேயே கிடந்து, மறுபடி முறையிடுவதற்கான நாள் கழிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. அப்பா அதை மடித்துத் தகரப் பெட்டியில் போட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. தேயிலை மலைக்குப் போக யார் பாஸ்போர்ட் கேட்டார்கள்?

துரை ஒரு கடிதம் கொடுத்தார். இந்தப் பெண்ணை எனக்குப் பல வருஷமாகத் தெரியும், நம்பலாம் என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் ராகலையில் பஸ் ஏறி, நானுஓயாவில் ரயில் பிடித்து, கொழும்புக்குப் போனோம். அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். கொழும்பு வெயிலில் அதைக் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டார்.

முதல் அலுவலகத்தில் இருந்தவர் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். அப்பாவுக்கும் எனக்கும் சிங்களம் தெரியும்.

"உன் நாடு எது?"

"இதுதாங்க ஐயா," என்றேன்.

"அதற்குப் பேப்பர் எங்கே?"

தள்ளப்பட்ட கடிதத்தைக் கொடுத்தோம். அவர் அதை விரலால் திருப்பித் தள்ளினார். துரையின் கடிதத்தை மட்டும் மரியாதையாக மடித்துக் கொடுத்தார். "இந்திய அலுவலகத்துக்குப் போங்கள்," என்றார்.

அங்கே இருந்தவர் தமிழர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. "பாஸ்போர்ட் தரலாம்மா. ஆனா சிலோன் பிரஜாவுரிமை எங்களுக்கு வேணாம்னு எழுதிக் குடுக்கணும். லண்டன்லேர்ந்து திரும்பி வந்தா இங்க தங்குறதுக்கு இந்த அரசாங்கம் பர்மிட் தரணும். பர்மிட் முடிஞ்சா இந்தியா போயிடணும்."

"இந்தியாவுல எங்கங்க?"

"உங்க ஊருக்குத்தான்."

"எங்க ஊரு ராகலைங்க," என்றேன்.

 அப்பா எழுந்து நின்றார். "வா புள்ள, ரயிலுக்கு நேரமாச்சு."  நானுஓயாவில் இறங்கும்போது, "பொறந்த வூட்டுக்குத் திரும்பி வர பர்மிட்டாம்," என்றார். அதையும் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் காலை பங்களாவில் நடந்ததைச் சொன்னேன். துரைசாணி பெட்டிகளில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். பங்களாச் சமையல்காரர் தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றார்.

"அதனால என்ன? இந்தியப் பாஸ்போர்ட் வாங்கு," என்றார் துரைசாணி. "எல்லாம் பேப்பர்தானே, ஆயா."

"வேணாங்க. நான் வரல."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் உனக்காக எவ்வளவு பிளான் பண்ணேன்! அரண்மனை, படகு, எல்லாம் எழுதிக் குடுத்தேன். நீ நன்றி இல்லாத பொண்ணு."

அந்த வார்த்தையில் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. நாலு வருஷம் அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதில்லை.

"ஒங்களுக்கு இங்கயும் வூடு, அங்கயும் வூடுங்க. போகலாம், வரலாம். எனக்கு இருக்கிறது லயத்துல ஒரு காம்பரா. அதையும் எழுதிக் குடுத்துட்டு வந்து நான் அரமணைய பாக்கணுமா? எம் பேர தப்பா எழுதுனது ஒங்க ஆபீசுதானேங்க? அத ஏன்னு தொரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சமையல்காரர் தட்டை மேசையில் வைத்துவிட்டு நழுவினார். துரைசாணி என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு சட்டையை எடுத்து நிதானமாக மடித்தார். "புது ஆயா வருவா. ஒரு வாரம் அவளுக்கு எல்லாம் பழக்கிக் குடு. பிறகு நீ வர வேண்டாம்."

வந்தவள் நுவரெலியாவிலிருந்து வந்த சிங்களப் பெண். முப்பது வயதிருக்கும், புருஷன் இல்லாதவள். நல்லவள். என்னைத் தங்கச்சி என்று அர்த்தம் வரும்படி சிங்களத்தில் 'நங்கி' என்று கூப்பிட்டாள். பிள்ளை எந்தப் பாட்டுக்குத் தூங்கும், முட்டையின் எந்தப் பாகத்தைத் துப்பும், இடி இடித்தால் எங்கே ஒளியும் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவளிடம் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன். கேட்டதற்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொன்னேன்.

கடைசி நாள் துரைசாணி எழுதிய இங்கிலீஷ் தாளை அவள் என்னிடம் நீட்டினாள். அதே நான்கு நாள். என் பயணத்தை அப்படியே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள், ஒரு புள்ளிகூட மாற்றாமல்.

"நங்கி, இது என்ன, கடைசியில? டீக்கடைன்னு சொன்னாங்க. அங்க என்ன பாக்குறது?"

"அது ஒண்ணும் இல்ல அக்கே," என்று சொல்லிப் பென்சிலை வாங்கி அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். அரண்மனையையும் ஆற்றையும் அவள் பார்த்துக்கொள்ளட்டும். அதை மட்டும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பெரட்டுக்குப் போனேன். விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம் அது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்தினார். "என்னா லண்டன்காரி, கப்பல் போயிருச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் லண்டன்காரிதான்.

அந்த மாதமே ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். ஜன்னல் வழியாகப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை நீட்டினேன்.

"எம் பேர செக்ரோல்ல இதுல உள்ளபடி எழுதணும்ங்க."

"உனக்கென்ன விசரே, மூளை கலங்கிப் போச்சே? இவ்வளவு காலமும் இப்பிடித்தானே கிடந்தது. இனித் திருத்தி என்ன செய்யப் போறாய்?"

"எழுதுங்க ஐயா."

"போய் வேலையைப் பார்."

நான் போகவில்லை. அன்று முழுதும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மறுநாளும் வேலைக்குப் போகாமல் வந்து நின்றேன். மழை பெய்தது. தலையோடு போர்த்துகிற கம்பளிக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா வந்து கெஞ்சிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அப்பா கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிற வழியில் வந்து, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். துரைக்குப் பதிலாக வந்திருந்த சின்னத் துரை, யார் இது என்று உள்ளே கேட்பது காதில் விழுந்தது. சற்று நேரத்தில் கிளாக்கர் செக்ரோலைத் தூக்கி வந்து ஜன்னல் பலகையில் பொத்தென்று போட்டார்.

"வாசி. சரியோ எண்டு பார்."

பழைய பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே முழுப் பெயரையும் எழுதியிருந்தார். ஓர் எழுத்து பிழை. காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் திருத்தினார்.

மறுவாரம் எங்கள் லயத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் தங்கள் பத்திரங்களோடு அந்த ஜன்னலுக்குப் போனார்கள். கிளாக்கர் என்னைத்தான் திட்டினாராம்.

ஆறு மாதம் கழித்துத் துரைசாணி திரும்பி வந்தார். முன்னாலேயே கப்பலில் திரும்பித் தன் ஊருக்குப் போன ஆயா மறுபடி வேலைக்கு வரவில்லை என்று சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். பிள்ளை கேட்கிறாளாம். பிள்ளைக்காகப் போய்ப் பார்த்தேன். நன்றாக வளர்ந்திருந்தாள், தமிழ் பாதி மறந்திருந்தது. அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, வேலைக்கு வரமாட்டேன் என்று துரைசாணியிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அறுபதுகளின் நடுவில் இந்தியா, சிலோன் இரண்டு நாட்டு அரசாங்கமும் சேர்ந்து உட்கார்ந்து, எங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். யாரும் எங்களிடம் வந்து கேட்கவில்லை. மறுபடி விண்ணப்பப் பாரங்கள் வந்தன. எங்கள் வீட்டுப் பாரத்தை நானே நிரப்பினேன். போக விரும்பும் நாடு எது என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கேயும் போக விரும்பவில்லை என்று எழுதினேன். அதை வாங்கிய உத்தியோகத்தர், "இப்படி எழுதக் கூடாது, ரெண்டுல ஒண்ணு எழுதணும்," என்றார். வேறு பாரம் கொடுத்தார். அதிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன்.