சேவூரில் நின்றுபோன சங்கிலி ஜெபம்

1978ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் ஒரு சனிக்கிழமை. அப்போது நான் ஆரணியில் அக்கா வீட்டில் தங்கி, ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எதையும் அது நடந்த நாளோடும் நேரத்தோடும் சேர்த்தே நினைவில் வைப்பது என் பழக்கம். ஆனால் அந்தச் சனிக்கிழமையின் பிற்பகல் மட்டும் எந்த நேரத்துக்கும் கட்டுப்படாமல், தூக்கத்தில் நடந்துபோன தெருவைப் போல இன்றும் என்னுள் மிதந்துகொண்டிருக்கிறது.

அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வயிற்றில் கட்டி என்று சொல்லி வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்று காலை ஆபரேஷன். அக்காவின் கணவர், மாமா, அவரோடு இருந்தார். பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொள்ள நான் ஆரணியிலேயே நின்றுவிட்டேன். போகும்போது அக்கா பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரப்போகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

எங்கள் சபை சிறியது. யாருக்காவது இப்படி ஓர் ஆபத்து என்றால் சங்கிலி ஜெபம் வைப்போம். விடியற்காலையில் போதகர் வீட்டில் தொடங்கும். அவர்கள் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரில் போய், "ஜெபத்தை உங்க கையில குடுக்கறோம்" என்று சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்ட வீட்டார் உடனே முழங்காலில் நிற்பார்கள். பொழுது சாயும்வரை வீடு மாறி வீடு, ஜெபம் அறுந்துபோகாமல் ஊரைச் சுற்றி வரும். கையில் வாங்காமல் யாரும் தொடங்குவதில்லை. அன்று கடைசி முறை எனக்கு.

மத்தியானம் போனது. வெயில் சாய்ந்து சுவரில் மஞ்சளாக ஏறியது. பிள்ளைகள் தூங்கி எழுந்தார்கள். யாரும் வரவில்லை. எனக்கு முன்னால் முறை இருந்தவர் அடுத்த தெருவில் இருந்த ஓர் ஆசிரியர். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அங்கே ஓடினேன்.

"எங்களுக்கே இன்னும் வரலியேப்பா. எல்லாரும் கொஞ்சம் நீட்டி ஜெபிக்கிறாங்கபோலன்னு உக்காந்துகினு இருக்கோம்" என்றார் அவர்.

அவருக்கு முன்னால் ஒரு கம்பவுண்டர் வீடு. அங்கேயும் அதே பதில். பாய் விரித்து, வேதப்புத்தகத்தை எடுத்து வைத்து, வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சேவூரில் ஒரு நெசவாளர் குடும்பம். மத்தியானத்துக்கு முன்பே எங்கள் சபைப் போஸ்ட்மேன் அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டிய ஜெபம். அதற்குப் பிறகு யாரும் ஜெபிக்கவில்லை என்றால், அக்கா மேஜைமேல் கிடந்த நேரமெல்லாம் அவருக்காக ஒரு குரல்கூட இல்லை. சைக்கிளை எடுத்தேன்.

அந்தப் பயணம்தான் எனக்குக் கனவுபோல் இருக்கிறது. சாலையில் பஸ்கூட வரவில்லை. இரண்டு பக்கமும் நெல் வயல்கள். காற்று அடித்தபோது பச்சை நிறம் முழுவதும் ஒரே திசையில் படுத்து, மெல்ல எழுந்தது. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊர் மட்டும் கிட்டே வராமல் எதிரில் நின்றது. தண்ணீருக்கடியில் ஓட்டுவதுபோல் கால்கள் கனத்தன. ஜெபிக்கலாம் என்று வாயைத் திறந்தால், மூச்சுதான் வந்தது.

சேவூரில் அந்த நெசவாளர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றத் தெரியாதவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நூல் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் ஏறியிருந்தது.

"அவுங்க சேத்துப்பட்டு போயிருக்காங்க சார். மாமனாரு தவறிட்டாரு. காலையிலயே பஸ் ஏறிட்டாங்க" என்றார்.

சைக்கிளைப் பிடித்தபடியே நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க சர்ச்சுக்காரங்களா?"

தலையாட்டினேன். அவர் வீட்டுக்குள் பார்த்து உரக்கக் கத்தினார்: "அடியே, ஆளு வந்துட்டாரு! இனிமேனா எழுந்து வா!"

உள்ளே போனேன். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் விழுந்து, தறியில் விரிந்திருந்த பாவு நூல் முழுவதும் அரக்கு நிறத்தில் ஒளிர்ந்தது. தறி ஓடவில்லை. அதன் பக்கத்தில் தரையில் ஓர் அம்மா, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்து நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என் காலடி கேட்டுக் கண்ணைத் திறந்தார். கையைத் திறக்கவில்லை.

"இவ்ளோ நேரமா சார்? ஜல்தி வரக் கூடாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்.

"போஸ்ட்மேன் சாரு வந்தாரு. பக்கத்துல பூட்டிகீதுன்னு எங்கூட்டுக்கு வந்து, 'வேலூர்ல ஒரு டீச்சரம்மாவுக்கு ஆபரேசன், ஜெபத்த இவுங்க கையில குடுக்கணும், இல்லனா அறுந்துடும், அவுங்க வந்தா சொல்லிடும்மா'ன்னாரு. அவுங்க சாவு ஊட்டுக்குப் போயிட்டாங்கன்னு நான் சொல்றதுக்குள்ள சைக்கிள மிதிச்சிகினு போயிட்டாரு. அறுந்துடும்னு சொன்னப்புறம் சும்மா இருக்க முடியுமா? நானே புடிச்சிகினேன்."

"அப்போதிலிருந்தா?"

"தெருவுல பாவு நீட்டறப்போ ஒரு முனைய நம்ம கையில குடுத்துட்டுப் போனா, இன்னொரு ஆளு வந்து வாங்காம உட்டுடுவோமா? அத்தினி இழையும் சிக்கலாயிடாது?"

வாசலிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "நாலு வாட்டி கூப்ட்டேன் சார், சோறு துன்னக்கூட எழுந்துக்கல. தார்க்குச்சியில நூலு சுத்த ஆளில்லாம தறி நின்னுகினு கீது. நான் சுத்தறதப் பாத்துப் புள்ளைங்க சிரிக்குதுங்க."

"சுத்தற லட்சணம் அப்படி" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "எனக்கு உங்க ஜெபம்லாம் தெரியாது சார். எந்த டீச்சரம்மான்னும் தெரியாது. 'டீச்சரம்மாவ உட்டுடாத சாமி, உட்டுடாத சாமி'ன்னு அதயே சொல்லிகினு இருந்தேன். உங்க சாமி கோச்சிக்குமா?"

"கோச்சிக்காதும்மா" என்றேன். என் குரல் எங்கோ தொலைவில் கேட்டது.

அவர் இரண்டு கைகளையும் அப்படியே நீட்டினார். "அப்ப வாங்கிக்குங்க."

நானும் கைகளை நீட்டினேன். வாங்கிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் விரல்களைப் பிரித்தார். உள்ளங்கைகளில் நகம் பதிந்த தடம் சிவந்திருந்தது. கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் அந்தத் தறியின் பக்கத்திலேயே முழங்காலில் நின்றேன். வாசலில் ராட்டைச் சத்தம் நின்றுவிட்டது. என்ன சொல்லி ஜெபித்தேன் என்று நினைவில்லை. பாவுமேல் வெயில் மெல்ல நகர்ந்து போனதும், ஒவ்வோர் இழையாக ஒளி அணைந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. பிறகு அங்கிருந்து கம்பவுண்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரம் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சர்ச் வாசலுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். எங்களைக் கண்டதும் அழுதார்.

"ரத்தம் நிக்கவேயில்லப்பா. கைய விட்டுப் போயிடுச்சின்னே நெனச்சேன். அப்புறம் கண்ணத் தொறந்து, புள்ளைங்க சாப்ட்டாங்களான்னு கேட்டா."

"எத்தனை மணிக்கு மாமா?" என்றேன்.

"யாருய்யா மணி பாத்துகினு இருந்தாங்க!"

அதற்குப் பிறகு அதை நான் கேட்கவில்லை.

சேவூரில் நடந்ததைச் சொன்னபோது, சபையில் ஒரு பெரியவர் தயங்கினார். "அந்த அம்மா நம்ம சபை இல்லையே. அப்ப நடுவுல சங்கிலி அறுந்ததாத்தானே அர்த்தம்?" போதகர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா திரும்பினார். "என் பெஞ்சாதி உசுரோட கீறா. இன்னா அறுந்துச்சு?"  பெரியவர் தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரே சேவூருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஈஸ்டர் கழித்து அக்கா நடக்கத் தொடங்கியதும், முதலில் போக வேண்டும் என்று சொன்ன இடம் அந்த வீடுதான். நான் அழைத்துப்போனேன். இருவரும் ஒருவரை ஒருவர் அன்றுதான் பார்க்கிறார்கள்.

"நீங்கதான் என்னைப் புடிச்சிகினு இருந்தீங்களாமே" என்றார் அக்கா.

"கடைசிவரைக்கும் எங்கம்மா புடிச்சேன்! உங்க தம்பி வந்து வாங்கிகினு போனதும் நான் ரெண்டு தட்டு சோறு துன்னுட்டுத் தூங்கிட்டேன்" என்று சிரித்தார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க யார்கிட்ட குடுத்தீங்க சார்? நடுவுல எங்கயும் உட்டுடலயே?"

கம்பவுண்டரிடம் கொடுத்தேன், அவர் ஆசிரியரிடம் கொடுத்தார் என்று ஒழுங்காகச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். கடைசி முறை என்னுடையதுதான் என்றேன். "அப்ப ஜெபம் இன்னும் உங்ககிட்டதான் கீதா?" என்றார் அவர். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.  அதற்குப் பிறகு யாருக்காவது ஜெபித்துவிட்டு எழும்போது, முடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதே இல்லை.