அடுத்த திரையின் வண்ணக்கோப்பு

பெரியவளுக்குச் சின்னவள்மேல் பொறாமை வந்தது நகை நட்டாலோ சொத்து பத்தாலோ அல்ல, ஒரு மானிட்டரால். ஓரகத்திகள் இருவரும் மாமனாரின் அச்சகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து புகைப்படங்களுக்கு வண்ணம் திருத்துகிறவர்கள். கல்யாண ஆல்பமோ பள்ளிக்கூட ஆண்டுமலரோ, அந்த இரண்டு மேசைகளில் ஒன்றைத் தாண்டாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

பெரியவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த கையோடு கடைக்கும் வந்தவள். பார்த்துப் பார்த்துப் பழகிய கை. கருத்த முகம் வந்தால் இரண்டு பிடி வெளுப்பேற்றித் தருவது அந்தக் கடையின் எழுதாத சட்டம். வாடிக்கையாளர் வாய்திறந்து கேட்கும் முன் செய்துவிடுவதுதான் மரியாதை என்பது மாமனாரின் கட்சி. பிறந்த நிறத்தோடு ஒருத்தி தன் கல்யாணப் படத்தில் நிற்கக்கூட அனுமதியில்லை. இந்த அவமானத்துக்கு மரியாதை என்று ஒரு பெயர். பெரியவளும் கருப்புதான். தன் நிறத்தைத் தன் கையாலேயே ஊர் முழுக்க அழித்துக்கொண்டிருந்தாள். அதில் கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கியிருந்தாள்.

சின்னவள் பட்டம் படித்துவிட்டு வந்தாள். வந்த சூட்டோடு அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டரும் அகன்ற மானிட்டரும் இறங்கின. எந்தக் கம்பெனிக்கும் கப்பம் கட்டமாட்டேன் என்று கடைக் கம்ப்யூட்டர்கள் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு வைத்திருந்தவர் மாமனார். திரைக்குப் படம் அனுப்பும் புதுக் கிராஃபிக்ஸ் கார்டை இயக்குகிற டிரைவர் லினக்ஸிலேயே இருந்தது. செருகியதும் வேலை செய்தது. அந்தத் திரையில் அந்திவானத்தைத் திறந்தால் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு நிறம் கோடுகோடாக உடையாமல் வழுக்கிக்கொண்டு போகும். பெரியவள் தண்ணீர் குடிக்க எழும்போதெல்லாம் அந்தப் பக்கமாகவே போவாள். பார்க்காத மாதிரி பார்ப்பாள். திரும்பித் தன் இடத்துக்கு வந்தால் தன் திரை கழுவி ஊற்றிய தண்ணீர்போல் இருக்கும்.

அவளுடைய கார்டு பழசு. அதைச் செய்த கம்பெனி, அதன் உள்விவரத்தை யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்துவிட்டு, இதற்கு இனி டிரைவர் எழுதமாட்டோம் என்று ஒருநாள் கைகழுவியது. லினக்ஸின் அடித்தளமான கர்னலைப் புதுப்பித்ததும் திரை இருண்டது. கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர், எதற்கெடுத்தாலும் ‘பொறுங்க’ என்பதால் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டவர், வெளியாட்கள் தாங்களாக எழுதிப் பொதுவில் வைத்த ஒரு டிரைவரைப் போட்டு உயிர் கொடுத்தார். படம் வரும், ஆழமான வண்ணம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். வேறு கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். பெரியவள் மாமனாரிடம் போய்க் கேட்டாள். படம் தெரிகிறதல்லவா, அப்புறம் என்ன என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தோல் மருத்துவர் ஒருவர் வந்தார். நறுக்கென்று பேசும் அம்மாள். மருத்துவ மாணவர்களுக்கு ஒரு புத்தகம். படங்கள் முழுக்கக் கருத்த தோலில் வரும் நோய்கள். இருக்கிற புத்தகங்களெல்லாம் வெள்ளைத் தோலிலேயே நோயைக் காட்டுகின்றன, அதைப் படித்தவன் கருத்த நோயாளியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை போ என்று அனுப்பிவிடுகிறான் என்று பொரிந்து தள்ளினார். மாமனார் படங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். எந்தப் பாதி மருத்துவருக்குப் பிடிக்கிறதோ, முழுப் புத்தகமும் அந்தக் கைக்கு.

பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் அவள் அள்ளிக்கொண்டு போனால், அப்புறம் தான் ஆல்பத்துக்கு அட்டை ஒட்டத்தான் லாயக்கு என்று நினைத்தாள். சின்னவள் மாதமொருமுறை மானிட்டரின் முகத்தில் எலிக்குட்டி மாதிரி ஒரு கருவியைத் தொங்கவிட்டு, ஏதோ ஒரு கோப்பை எழுதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். ‘கலர் ப்ரொஃபைல்’ என்பாள். அந்த வானத்தின் வழுவழுப்பெல்லாம் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது என்று பெரியவள் முடிவு கட்டினாள். அவ்வளவு பெரிய சொத்தை ஒருத்தி மட்டும் மடியில் கட்டிக்கொள்வதா?

மத்தியானம் சின்னவள் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனாள். பெரியவள் ஒரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோப்பு தன் கம்ப்யூட்டருக்கு வந்ததும் அமைப்புக்குள் போய் அதைத் தன் மானிட்டருக்கே கட்டிவிட்டாள்.

படங்களைத் திறந்தால், எல்லாம் முன்னைவிடச் சோகையாக, சாம்பல் பூத்துக் கிடந்தன. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பாள். பெரியவளோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஓஹோ, உண்மையில் படமே இப்படித்தான் போலிருக்கிறது, சின்னவள் இதில் நிறத்தை அள்ளிக் கொட்டித்தான் பேர் வாங்குகிறாள் என்று தோன்றியது. தானும் அள்ளினாள். திரையில் தோல் உயிரோடு தெரியும்வரை சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றினாள். இப்படியொரு வேலையைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று நினைத்தாள். அது நிஜம்தான்.

மாதிரித் தாள்கள் அச்சாகி வந்தன. மருத்துவர் சின்னவளின் பாதியைப் புரட்டித் தலையாட்டினார். பெரியவளின் முதல் தாளை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இவருக்கு நோயா, இல்ல அடுப்புல விழுந்துட்டாரா?”

பெரியவளுக்குக் காது சுட்டது. திரையில் அப்படி இல்லை என்று முணுமுணுத்தாள். கருத்த தோலில் அழற்சி ரத்தச் சிவப்பாக வராது, ஊதாவும் சாம்பலுமாக வரும், அதைக் காட்டத்தானே இந்தப் புத்தகமே என்றார் மருத்துவர். பார்ப்போமென்று மாமனாரும் மருத்துவரும் சின்னவளும் பெரியவளின் மேசைக்கு வந்தார்கள். சின்னவள் குனிந்து வண்ண அமைப்பைத் திறந்தாள். அதில் தன் மானிட்டரின் பெயர் இருந்தது. நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள்.

“இது என் ஸ்க்ரீனை அளந்து எழுதினதுக்கா. என்னோட ரொம்பப் பளிச்னு காட்டும், அதனால இது நிறத்தை அடக்கி அனுப்பும். உங்களோடதுல போட்டா செத்துப்போய்த்தான் தெரியும். என் ஜாக்கெட் அளவுல உங்களுக்குத் தைச்ச மாதிரி.”

“அது எப்படிம்மா அங்க போச்சு?” என்றார் மாமனார்.

“நான்தான் எடுத்தேன்” என்றாள் பெரியவள். அதோடு நின்றுவிடவில்லை. “கார்டு போச்சுன்னு உங்ககிட்ட வந்து கேட்டேன் மாமா. படம் தெரியுதில்லன்னீங்க. கேட்டுக் கிடைச்சிருந்தா நான் ஏன் எடுக்கப்போறேன்?”

மாமனார் மருத்துவரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். வீட்டுச் சண்டை தனக்கு வேண்டாம், ஊதா வேண்டும் என்று சொல்லிவிட்டு மருத்துவர் கிளம்பினார். புத்தகம் சின்னவளுக்குப் போயிற்று. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குப் பெரியவளின் பொறாமையைப் பற்றித்தான் பேச்சு. ஒரே வீட்டில் ஒருத்திக்குப் புதுசும் இன்னொருத்திக்குக் கைகழுவப்பட்டதும் கொடுத்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பேசவேண்டிய விஷயமாகவே அவர்களுக்குப் படவில்லை.

மறுநாள் சின்னவள் அந்தக் கருவியைக் கொண்டுவந்து பெரியவளின் திரையிலும் தொங்கவிட்டு அளந்தாள். சொந்தக் கோப்பைக் கட்டியதும் சாம்பல் போயிற்று. ஆனால் மருத்துவர் கேட்ட ஊதா மட்டும் வரவில்லை. அந்தத் திரைக்கும் கார்டுக்கும் அது எட்டாத நிறம். அளந்து பார்த்தால் மட்டும் கிழவி குமரியாகிவிடுவாளா என்று பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் சின்னவள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகையில் பெரியவள் அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

“புத்தகம் உன்னோடது. ஸ்க்ரீன் கடையோடது. நீ வர்ற வரைக்கும் இங்க நான் உக்காருவேன். தினமும்.”

சின்னவளின் கை மௌஸைவிட்டு நகரவில்லை. சட்டென்று அவள் முகத்தில் ஓடிய அந்தச் சுருக்கத்தைப் பெரியவளால் எந்த இருட்டிலும் அடையாளம் சொல்லமுடியும். தன் முகத்தில் அவளுக்கு அத்தனை பழக்கமான ஒன்று. பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. சின்னவள் மாமனாரின் அறைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து சத்தமில்லை. “ப்ரொஃபைலை மட்டும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பெரியவள் மருத்துவரின் படங்களிலிருந்து ஒரு முழங்கையின் படத்தைத் திறந்தாள். தன் முழங்கையின் அதே நிறம். அதன்மேல் வெளிறிய ஊதாவில் ஒரு படை, விளிம்பெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இதையா இவள் மட்டும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வயிறு எரிந்தது. நாற்காலியின் உயரத்தைத் தன் அளவுக்கு இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.